மகாபாரதம் சீரியல் பார்த்தவர்களுக்கு ஒரு பதினெட்டு வார வாசிப்பு

விஜய் டிவியில் 2013-ல் மகாபாரதம் வரத் தொடங்கியபோது, அந்த நேரத்தில் எங்கள் தெருவில் யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்ட மாட்டார்கள். இந்தியில் ஸ்டார் பிளஸுக்காக எடுத்த தொடர், மொத்தம் 267 பகுதிகள். தமிழில் பேச ஆரம்பித்த பிறகு கிருஷ்ணனும் கர்ணனும் எங்கள் ஊர்க்காரர்களாகவே ஆகிவிட்டார்கள். அப்பாவுக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. 1988 முதல் 1990 வரை தூர்தர்ஷனில் ஞாயிறு காலை வந்த 94 பகுதிகளையும், இந்தி ஒரு வார்த்தை தெரியாமல், கதை தெரிந்த ஒரே பலத்தில் பார்த்தவர் அவர்.

துகிலுரியும் காட்சி முடிந்த இரவில் எங்கள் ஆயா ஒரு கேள்வி கேட்டார். "டிவியில திரௌபதி, துச்சாதனன் ரத்தத்துலதான் கூந்தல் முடிப்பேன்னு சொல்றா. நம்ம கோயில் திருவிழாப் படுகளத்துல துரியோதனன் தொடை ரத்தத்துல இல்ல முடிவாங்க? எது கண்ணு சரி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடிப் போன வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இருப்பவர்கள் அப்படியே செய்து பார்க்கலாம். மற்றவர்கள் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பெரிய புத்தகம் எதையும் இதுவரை படித்து முடித்ததில்லை என்றாலும் பரவாயில்லை, உங்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

முதல் படி: ஒரு கேள்வியைப் பிடியுங்கள்

முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். நான் முதலில் அப்படித்தான் செய்தேன். மகாபாரதத்தின் பெரும் பிரிவுகளுக்குப் பருவம் என்று பெயர். முதலாவதான ஆதி பருவம் நைமிசாரண்யம் என்ற காட்டில் முனிவர்கள் கூடியிருக்க, சௌதி கதை சொல்வதில் தொடங்குகிறது. பிறகு பருவங்களின் பட்டியல், பாம்பு வேள்வி, வம்ச வரலாறு. பாண்டவர்கள் பிறப்பதற்குள் மாதம் ஒன்று ஓடிவிட்டது, புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்தப் பகுதிகளின் அருமை பிறகுதான் தெரியும். புதிதாகப் படிப்பவருக்கு அது வாசல் அல்ல.

சீரியலில் எந்தக் காட்சி உங்களைத் தூங்கவிடவில்லை? அதை ஒரு கேள்வியாக எழுதுங்கள். 'கர்ணன் பிடிக்கும்' என்று எழுதினால் போதாது. 'தாய் வந்து கேட்ட பிறகும் கர்ணன் ஏன் பாண்டவர் பக்கம் போகவில்லை?' என்று எழுதுங்கள். கேள்வி இருந்தால் கண் தானாகவே பக்கங்களில் எதையோ தேடும். தேடிக்கொண்டே படிப்பவருக்கு அலுப்பு வராது.

இரண்டாம் படி: நோட்டுப் புத்தகம்

நாற்பது பக்க நோட்டு போதும். பக்கத்தை மூன்று கட்டமாகக் கோடு போடுங்கள்: டிவியில், புத்தகத்தில், கூத்தில். மூன்றாவது கட்டம் எதற்கு என்பது பின்னால் வரும். இப்போதைக்குக் காலியாக இருக்கட்டும்.

மூன்றாம் படி: நேரம்

சீரியல் ஒரு பகுதி, விளம்பரம் போக, ஏறக்குறைய இருபது நிமிடம். அதே இருபது நிமிடத்தைப் படிப்புக்குக் கொடுங்கள், முடிந்தால் அதே இரவு நேரத்திலேயே. அந்த நேரத்தில் உட்கார்ந்து பழகிய உடம்பு தானாக வந்து உட்காரும். தினம் இருபது நிமிடம் என்றால் பதினெட்டு வாரத்தில் 42 மணி நேரம். போர் பதினெட்டு நாள், பருவம் பதினெட்டு, கோயிலில் பாரதம் நடப்பதும் பல ஊர்களில் பதினெட்டு நாள். அதனால் பதினெட்டு வாரம் என்று வைத்தேன். பருவத்துக்கு ஒரு வாரம் என்று மட்டும் பிரிக்காதீர்கள். சாந்தி பருவம் கடல் மாதிரி. மகாபிரஸ்தானிக பருவம் மூன்றே அத்தியாயம்.

தையில் ஆரம்பிப்பது நல்லது. ஏன் என்பதும் பின்னால் வரும்.

ஒரு தடை வரும், முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். பாரதத்தை வீட்டில் வைத்துப் படித்தால் சண்டை வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் ஆயாவும் சொன்னார்: "ஊட்டுல வெச்சி படிக்காத கண்ணு." நான் எதிர்த்துப் பேசவில்லை. திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். மூன்றாம் நாள் ஆயாவே பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். கேட்க ஒரு ஆள் இருந்தால் நாள் தவறாது. அதனால் அம்மாவோ அத்தையோ பக்கத்து வீட்டு அக்காவோ, கேட்பவர் ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: ராஜாஜியில் தொடங்குங்கள் (ஆறு வாரம்)

முதல் புத்தகம் ராஜாஜியின் 'வியாசர் விருந்து'. அத்தியாயங்கள் சின்னவை, இருபது நிமிடத்துக்குள் ஒன்றிரண்டு முடிந்துவிடும். குழந்தைக்குக் கதை சொல்வது போன்ற எளிய தமிழ். ஆனால் தர்மசங்கடமான இடங்களில் அவர் நின்று யோசிக்கிறார், நம்மையும் யோசிக்க வைக்கிறார். இது நம் மண்ணின் புத்தகம் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ராஜாஜி 1878-ல் பிறந்தது ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில். அந்த வீடு இப்போது நினைவு இல்லமாக இருக்கிறது. படித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து வந்தால் மனதில் நிற்கும்.

விலைக்கு வாங்க வேண்டியதில்லை. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. உறுப்பினராகும்போது கட்டுகிற காப்புத்தொகை பிறகு திரும்பக் கிடைக்கும். நூலகரிடம் "மகாபாரதம் இருக்கா?" என்று மட்டும் கேட்காமல், "இதிகாசம் எந்த அலமாரியில் சார்?" என்று கேளுங்கள். அந்த அலமாரி முன்னால் பத்து நிமிடம் நின்றாலே போதும், இன்னும் நான்கு புத்தகம் கண்ணில் படும்.

இந்த ஆறு வாரத்தில் நோட்டில் முதல் இரண்டு கட்டங்கள் நிறைய ஆரம்பிக்கும். டிவியில் பார்த்த முகங்கள் மனதில் இருப்பதால் பெயர்கள் குழம்பாது. சீரியல் நமக்குச் செய்த பெரிய உதவி இதுதான். துருபதன் யார், துருஷ்டத்யும்னன் யார் என்று புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: பாரதியை வாய்விட்டுப் படியுங்கள் (இரண்டு வாரம்)

அடுத்து 'பாஞ்சாலி சபதம்'. முதல் பாகம் 1912-ல் வெளிவந்தது. மொத்தம் ஐந்து சருக்கம்: சூழ்ச்சி, சூதாட்டம், அடிமை, துகிலுரிதல், சபதம். கவிதை என்று பயப்பட வேண்டாம். கண்ணால் படித்தால்தான் கடினம். வாயால் படித்தால் மெட்டு தானே இழுத்துக்கொண்டு போகும். புரியாத சொல்லுக்கு நிற்காதீர்கள், சருக்கம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

என் கேள்விக்கு முதல் பதில் இங்கேதான் கிடைத்தது. பாரதியின் பாஞ்சாலி ஒருவன் ரத்தத்தோடு நிற்கவில்லை. துச்சாதனன் ரத்தம், துரியோதனன் ரத்தம் இரண்டையும் கலந்து பூசித்தான் கூந்தல் முடிப்பேன் என்கிறாள். ஆயாவிடம் படித்துக் காட்டினேன். "அப்ப ரெண்டும் சரிதான்" என்றார். எனக்கு அது போதவில்லை. மூலத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் போல இருந்தது.

ஆறாம் படி: முழு பாரதத்தில் உங்கள் காட்சியை மட்டும் தேடுங்கள் (நான்கு வாரம்)

கிசாரி மோகன் கங்குலி 1883 முதல் 1896 வரை மகாபாரதம் முழுவதையும் ஆங்கில உரைநடையில் கொண்டுவந்தார். அதைத் தமிழில் செ. அருட்செல்வப்பேரரசன் 2013-ல் தொடங்கி 2020 வரை தனி ஒருவராக மொழிபெயர்த்து முடித்தார். இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். டிவி தொடர் இந்தியில் தொடங்கிய அதே ஆண்டில் ஒருவர் இப்படி ஒரு வேலைக்கு உட்கார்ந்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் மலைப்பாக இருக்கிறது.

முழுவதும் படிக்கப் போகாதீர்கள். உங்கள் கேள்வி எந்தப் பருவத்தில் இருக்கிறதோ அங்கே மட்டும் இறங்குங்கள். கர்ணன் என்றால்: கவச குண்டலம் வன பருவத்தின் கடைசியில், கிருஷ்ணனோடும் குந்தியோடும் பேசுவது உத்யோக பருவத்தில், அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மரைப் பார்க்க வருவது பீஷ்ம பருவத்தின் முடிவில், இறப்பது கர்ண பருவத்தில். திரௌபதி என்றால் ஆதி, சபா, விராட, சௌப்திக பருவங்கள். அபிமன்யுவுக்குத் துரோண பருவம்.

இங்கே சில அதிர்ச்சிகள் காத்திருக்கின்றன. கர்ணன் சாகும் நேரத்தில் கிருஷ்ணன் அந்தணராக வந்து அவன் புண்ணியத்தையே தானமாகக் கேட்கும் இடம் நமக்கு மனப்பாடம். வியாச பாரதத்தில் அது இல்லை. தமிழில் செய்யுளாகப் பாடப்பட்ட வில்லிபுத்தூரார் பாரதத்தில் இருக்கிறது. சகுனியின் தாயக்கட்டை அவன் அப்பாவின் எலும்பு என்ற கதையும் வியாசரிடம் இல்லை. உடனே 'பொய்யாச் சொல்லிட்டாங்க' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கர்ணனை அவ்வளவு நேசித்த தமிழ் மனம் அவனுக்கு இன்னொரு பெரிய தானத்தைக் கொடுத்துப் பார்த்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

என் கேள்விக்கு வருகிறேன். சபா பருவத்தில் வீமன்தான் சபதம் செய்கிறான். துச்சாதனன் நெஞ்சைப் பிளந்து ரத்தம் குடிப்பேன், துரியோதனன் தொடையை உடைப்பேன் என்று இரண்டு சபதம். கூந்தல் முடிவதைப் பற்றித் திரௌபதியின் ரத்தச் சபதம் அங்கே இல்லை. ஆனால் உத்யோக பருவத்தில், கிருஷ்ணன் தூது புறப்படும் முன், துச்சாதனன் இழுத்த தன் கூந்தலைக் கையில் பிடித்துக்கொண்டு கிருஷ்ணனிடம் வருகிறாள். சமாதானம் பேசும் ஒவ்வொரு நேரமும் இதை நினைத்துக்கொள் என்கிறாள். அந்தப் பக்கத்தை ஆயாவுக்கு மூன்று முறை படித்தேன்.

ஏழாம் படி: விராட பருவம் (இரண்டு வாரம்)

இதை மட்டும் முழுப் பருவமாகப் படியுங்கள். மழை இல்லாத காலத்தில் விராட பருவம் படித்தால் மழை பெய்யும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. வானம் பார்த்த பூமியில் அந்த நம்பிக்கைக்கு எவ்வளவு பாரம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கதையும் ஆரம்பக்காரர்களுக்கு ஏற்றது. ஒரு வருடம், ஒரே ஊர், ஆறு பேர் மாறுவேடத்தில். வீமன் சமையற்காரன், அர்ச்சுனன் நடன ஆசிரியர், திரௌபதி அரசிக்குத் தலை பின்னும் சைரந்திரி. ஒரு பருவத்தை முழுதாக முடித்தேன் என்ற தெம்பு இங்கே வரும்.

எட்டாம் படி: கூத்து (நான்கு வாரம்)

கோடை வந்தால் நம் இரண்டு மாவட்டங்களிலும் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழா. பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து. தையில் ஆரம்பிக்கச் சொன்னது இதற்காகத்தான். தையிலிருந்து பதினெட்டு வாரம் எண்ணினால் சித்திரை கடைசி, வைகாசி வந்துவிடும். தேதி ஊருக்கு ஊர் மாறும். பேருந்து நிறுத்தத்திலும் டீக்கடைச் சுவரிலும் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பாருங்கள், எந்த இரவு என்ன நாடகம் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். உங்கள் கேள்விக்குரிய இரவைத் தேர்ந்தெடுங்கள். பாய், போர்வை, தண்ணீர் கொண்டு போங்கள், விடிய விடிய நடக்கும். கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன் பேசுவதை விட்டுவிடாதீர்கள். கடினமான கதையை அவர்தான் ஊர்ப் பேச்சில் உடைத்துத் தருவார்.

முடிந்தால் மூன்று நிகழ்ச்சிகளைத் தவறவிட வேண்டாம். ஒன்று அர்ச்சுனன் தபசு. வேஷக்காரர் உயரமான மரத்தில் பாடிக்கொண்டே ஏறி, மேலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் வீசுவார். அடுத்தது அர்ச்சுனன் மகன் அரவானின் களப்பலி. வியாசரிடம் அரவான் போரின் எட்டாம் நாள் அலம்புசனால் கொல்லப்படுகிறான். நம் கூத்தில் போருக்கு முன்பே தன்னைப் பலி கொடுக்கிறான். நோட்டின் மூன்றாம் கட்டத்துக்கு இது அருமையான வரி.

கடைசியாகப் படுகளம். காலையிலேயே போய்விடுங்கள். திடலில் துரியோதனனை மண்ணால் மல்லாந்து படுத்த கோலத்தில் பிரம்மாண்டமாகச் செய்து வைத்திருப்பார்கள். வீமன் வேஷக்காரர் தொடையில் அடிப்பார், சிவப்பு நீர் வரும், அதைத் தொட்டுத் திரௌபதி கூந்தல் முடிவாள். மாலையில் தீமிதி.

இந்த நான்கு வாரத்தில் கூத்தில்லாத இரவுகளில் ஒரு நாவல் எடுத்துக்கொள்ளலாம். வீமன் பார்வையில் எழுதப்பட்ட எம்.டி. வாசுதேவன் நாயரின் மலையாள நாவல் 'இரண்டாம் இடம்' என்று குறிஞ்சிவேலன் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. எஸ்.எல். பைரப்பாவின் 'பருவம்' பாவண்ணன் தமிழில் கிடைக்கிறது. ஓசூர்ப் பக்கம் கன்னடம் படிக்கத் தெரிந்தவர்கள் மூலத்தையே படிக்கலாம். முதலில் சொன்னது சின்னது, அதையே எடுங்கள்.

படுகளம் பார்த்துத் திரும்பிய நாளில் ஸ்திரீ பருவத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். சிறிய பருவம், இரண்டு மூன்று உட்காரலில் முடியும். காந்தாரி போர்க்களத்தில் நடந்து, விழுந்து கிடக்கும் ஒவ்வொருவரையும் கிருஷ்ணனுக்குக் காட்டிக்கொண்டு போகிறாள். நான் படித்த இரவில் ஆயா காலில் தீமிதித் திடல் சாம்பல் இன்னும் இருந்தது. துரியோதனன் உடல் அருகே காந்தாரி நிற்கும் இடம் வந்ததும், "நிறுத்து கண்ணு, மிச்சம் நாளைக்குப் படி" என்று எழுந்து உள்ளே போனார். மறுநாள் இருட்டுவதற்குள் அவரே திண்ணையில் பாய் விரித்து வைத்திருந்தார்.