ஓலை திருத்திய எழுத்து

நானும் அக்கா மகனும் சேர்ந்து ஒரு மொழி உருவாக்கினோம். அதற்கு நான் வரைந்த 24 எழுத்துகளும் நேர்கோடுகள்தான். வேகமாக எழுதினால் 'ப'வும் 'த'வும் ஒன்றுபோலவே விழும். அவன் எழுதியதை என்னால் வாசிக்க முடியவில்லை.

திசையன்விளையில் ஆச்சி வீட்டுப் பனையோலையில் ஆணியால் கீறிப் பார்த்தேன். படுக்கைக் கோடு இழுத்ததுமே ஓலை நரம்போடு பிளந்தது. நம் பாண்டிய நாட்டுக் கல்வெட்டுகளில் உள்ள வட்டெழுத்து, அதாவது வளைவு வளைவான பழைய எழுத்து, ஞாபகம் வந்தது. சரி என்று படுக்கைக் கோடுகளை வளைத்தேன். 'த'வுக்குக் கீழே ஒரு வால் வைத்தேன்.

மெய்க்குப் புள்ளி வைத்தால் ஓலையில் ஓட்டை! பழைய சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியே இருக்காது. ஆனால் அதை வாசிப்பது பெரும்பாடு. அதனால் கடைசி வளைவை மேலே சுழித்துவிட்டேன். அப்புறம் அவன் எழுதித் தந்த ஒரு பக்கத்தைத் தடுமாறாமல் வாசித்தேன்.