கவண்கல் திசைமாறியதைச் சரிசெய்த விதம்

காங்கயம் பக்கத்துக் கொறங்காட்டில் (வேலியிட்ட மேய்ச்சல் நிலத்தில்) நான் கவண், அதாவது கல்லைச் சுழற்றி எறியும் கயிற்றுக் கருவி, பழகத் தொடங்கியபோது, கல் சில சமயம் பக்கவாட்டிலும் அரிதாக முதுகுப்புறமும் பாய்ந்தது. கவணின் ஒரு கயிற்று வளையம் விரலில் மாட்டியிருக்க, மறு கயிற்றின் முடிச்சை மட்டும் விடுகிறோம்; விடும் கணம் சற்று முந்தினாலும் பிந்தினாலும் கல் சுழல்வட்டத்தின் வேறொரு புள்ளியிலிருந்து தொடுகோட்டில் புறப்பட்டுவிடும் என்பதால், எறிபவரின் பின்புறமும் பாதுகாப்பான இடமன்று.

முதலில் கவணையே சோதித்தேன். கல் அமரும் தோல்மடி ஒரு பக்கம் தொய்ந்திருந்தது. மடியில் கல்லை வைத்துத் தொங்கவிட்டபோது இரு கயிறுகளும் சமமாக நிற்கவில்லை. மடியை மாற்றித் தைத்து, முடிச்சை இடம்மாற்றிக் கட்டியதும் கல் நழுவுவது நின்றது. நைந்த கயிற்றை ஒட்டுப்போடுவது வீண் சிக்கனம்.

தலைக்கு மேல் பலமுறை சுழற்றுவதை விட்டு, கீழிருந்து மேலாக ஒரே சுற்றில் எறிவதற்கு மாறினேன். இம்முறையில் பிழை பெரும்பாலும் இடம்வலமாக அமையாமல் மேலும் கீழுமாகவே அமைகிறது. பிந்தி விட்ட கல் உயர எழும்பும். ஆகவே ஹெல்மெட் அணிகிறேன். மச்சான் சிரிக்கிறார், சிரிக்கட்டும்.

கல்லுக்குப் பதில், பட்டவுடன் உதிரும் காய்ந்த செம்மண் உருண்டைகளையே பழக்கத்திற்கு வைத்துக்கொண்டேன். பாறையில் பட்ட கல் எறிந்தவரிடமே தெறித்துத் திரும்பக்கூடும் என்பதால், மண்கரையில் சாக்கை விரித்து இலக்காக்கினேன். கிளுவை வேலிக்கு அப்பால் குனிந்திருக்கும் ஆள் கண்ணில் படமாட்டார். ஆதலால் ஆடு மேய்க்கும் அண்ணனிடம் கேட்டு, மந்தை அடுத்த காட்டுக்குப் போன பிறகே கவணை எடுக்கிறேன்.