ரேஞ்ச்ஃபைண்டர் போர்ட்ரெய்ட் லென்ஸ்: ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லைக்கா எம் கேமராவுக்கு 75 முதல் 90 மி.மீ. வரையில் ஒரு வேகமான லென்ஸ், அதாவது எஃப் எண் குறைந்து திறப்பு பெரிதாக உள்ள லென்ஸ், வாங்க நினைப்பவர்கள் முதலில் இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பார்ப்பார்கள். ஒன்று 75 மி.மீ. எஃப்/1.4, இன்னொன்று 90 மி.மீ. எஃப்/2. இரண்டும் முழுத் திறப்பில் எடுத்தவை. எதில் பின்னணி அதிகமாகக் கரைந்திருக்கிறதோ அதற்கே வெற்றி. எஸ்எல்ஆரிலோ மிரர்லெஸ்ஸிலோ இந்த முறை ஓரளவு செல்லும், ஏனென்றால் அங்கே லென்ஸ் பார்ப்பதைத்தான் நம் கண்ணும் பார்க்கிறது. லைக்கா எம் போன்ற ரேஞ்ச்ஃபைண்டர், இரண்டு ஜன்னல்களில் தெரியும் பிம்பங்களை ஒன்றாகச் சேர்த்துத் தூரம் கணிக்கும் கேமரா. அதில் நாம் பார்ப்பது பக்கத்து ஜன்னல் வழியாக. ஃபோகஸ் சரியா என்று சொல்வது கேமராவுக்குள் லென்ஸின் பின்புறத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு சின்ன உருளையும் அதோடு சேர்ந்த நெம்புகோலும்தான். லென்ஸை மட்டும் தனியே எடுத்து மதிப்பெண் போட்டால் பாதிக் கணக்குதான் முடியும்.

எஃப் எண்ணை மட்டும் பார்ப்பது

பலரும் சறுக்குவது இங்கேதான். எஃப்/1.4 என்றால் ஃபோகஸ் பிடிப்பது கடினம், எஃப்/2 சுலபம், எஃப்/4 பற்றிக் கவலையே வேண்டாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ரேஞ்ச்ஃபைண்டரின் துல்லியத்துக்கு ஒரு லென்ஸ் எவ்வளவு சவால் விடுகிறது என்பது எஃப் எண்ணில் மட்டும் இல்லை. குவிய தூரத்தை (75, 90 என்ற அந்த மி.மீ. எண்ணை) அதே எண்ணால் பெருக்கி, வரும் விடையை எஃப் எண்ணால் வகுத்தால் அது தெரியும்.

போட்டுப் பாருங்கள். 50 மி.மீ. எஃப்/1.4க்கு சுமார் 1,790 வரும். 90 மி.மீ. எஃப்/2.8க்கு சுமார் 2,890. 75 மி.மீ. எஃப்/1.4க்கு சுமார் 4,020. 90 மி.மீ. எஃப்/2க்கு 4,050. அதாவது, 'முரட்டு' லென்ஸ் என்று பெயர் வாங்கிய 75 சுமிலக்ஸும் (லைக்காவின் எஃப்/1.4) 'பாதுகாப்பான தேர்வு' என்று சொல்லப்படும் 90 சுமிக்ரானும் (லைக்காவின் எஃப்/2) ஃபோகஸ் விஷயத்தில் ஒரே அளவு தலைவலிதான். 135 மி.மீ. எஃப்/4க்கு சுமார் 4,560 வருகிறது. எஃப்/4தானே என்று அலட்சியமாக மாட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய எண் அது.

ஒரு மீட்டர் தூரத்தில் 75ஐ எஃப்/1.4லும் 90ஐ எஃப்/2லும் வைத்தால் இரண்டிலுமே தெளிவாக வரும் ஆழம் ஒன்றரை செ.மீ.க்கும் குறைவு. ஆள் மூச்சு விட்டாலே அது போய்விடும். 90ல் அதே சட்டகம் கிடைக்க ஓரடி பின்னால் போவோம், அதனால் கொஞ்சம் இளைப்பாறல் உண்டு. அது வேறு கணக்கு.

உடலை மறந்துவிட்டு லென்ஸைப் பேசுவது

லென்ஸ் கேட்கும் துல்லியத்தைக் கொடுக்க வேண்டியது கேமரா. இரண்டு ஜன்னல்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை வ்யூஃபைண்டரின் (நாம் கண் வைத்துப் பார்க்கும் ஜன்னலின்) உருப்பெருக்கத்தால் பெருக்கினால் 'பயனுறு அடித்தளம்' கிடைக்கும். அது எவ்வளவு பெரிதோ அவ்வளவு துல்லியம். 1954ல் வந்த லைக்கா எம்3ல் உருப்பெருக்கம் 0.91. அதனால் அடித்தளம் 62, 63 மி.மீ. வரை போகும். 0.72 உருப்பெருக்கம் உள்ள எம்6ல் அது சுமார் 50. 0.58 வகையில் 40தான். கோசினா தயாரித்த பெஸ்ஸா ஆர்3ஏவில் உருப்பெருக்கம் முழுதாக 1.0, பார்க்க அவ்வளவு சுகம். ஆனால் ஜன்னல்களின் இடைவெளி 37 மி.மீ. மட்டுமே, ஆகவே அடித்தளமும் 37. ஜைஸ் இக்கான் இதற்கு நேர்மாறு: 75 மி.மீ. இடைவெளி, 0.74 உருப்பெருக்கம், அடித்தளம் 55ஐத் தாண்டும். 1973ன் குட்டி லைக்கா சிஎல் 19ஐக்கூடத் தொடுவதில்லை. அதற்கென்று வந்த 90 மி.மீ. எல்மார் எஃப்/4 ஆக இருந்ததில் ஆச்சரியம் என்ன?

அதனால், எம்3 வைத்திருக்கும் ஒருவர் '90 எஃப்/2 எனக்கு எப்போதும் துல்லியமாக விழுகிறது' என்று எழுதியதைப் படித்துவிட்டு, ஆர்3ஏ வைத்திருப்பவர் அதே லென்ஸை வாங்கினால் அனுபவம் வேறாகத்தான் இருக்கும். இருவரும் பொய் சொல்லவில்லை. 0.72 உடல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு: கண்வில்லையில் திருகும் 1.25 மடங்கு உருப்பெருக்கி. அடித்தளம் கிட்டத்தட்ட எம்3 அளவுக்கு உயர்ந்துவிடும். புது லென்ஸுக்குச் செலவழிப்பதற்கு முன் இதை முயன்று பார்க்கலாம்.

மிரர்லெஸ் கேமராவில் அடாப்டர் போட்டு எடுத்த ஒப்பீடுகளையும் இந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும். அவை கண்ணாடியின் குணத்தைச் சொல்லும். போகே (பின்னணி கரையும் விதம்), நிறம், ஓரங்களின் தெளிவு எல்லாம் நம்பலாம். ஆனால் உருளையும் நெம்புகோலும் அந்தச் சோதனையில் கலந்துகொள்ளவே இல்லை.

லென்ஸ் மேல் பழி போடுவது

'இந்தப் பிரதி முன்னால் ஃபோகஸ் ஆகிறது, மோசமான லென்ஸ்' என்ற தீர்ப்பு பல நேரம் தப்பான ஆளுக்குத் தண்டனை. லைக்கா வகை உருளை எப்போதும் ஒரு 50 மி.மீ. லென்ஸ் எவ்வளவு நகருமோ அந்த அளவில்தான் பேசும். 90 மி.மீ. லென்ஸ் அதே தூரத்துக்குக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு நகர வேண்டும்; அந்த நகர்வைச் சுருக்கி உருளைக்குச் சொல்லத்தான் லென்ஸின் பின்புறத்தில் கேம் வளையம் இருக்கிறது. ஆகவே உருளையில் இருக்கும் இம்மியளவு பிசகு 90ல் மூன்று மடங்காகத் தெரியும். 35 மி.மீ.யில் வருஷக்கணக்காக யாரும் கவனிக்காத பிசகு, வேகமான 90ஐ மாட்டிய அன்றே முகத்தில் அறையும்.

சோதிக்கும் விதமும் முக்கியம். தட்டையான செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி ஒரு படம் எடுத்தால் எதுவும் தெரியாது. சாய்வாக ஒரு அளவுகோலை வைத்து, முக்காலியில் கேமராவைப் பொருத்தி, நீங்கள் வழக்கமாக ஆட்களை எடுக்கும் தூரத்தில், அதாவது ஒன்றரை இரண்டு மீட்டரில் எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் வளையத்தை ஒருமுறை முடிவிலிப் பக்கத்திலிருந்தும் மறுமுறை அருகிலிருந்தும் திருப்பிக் கொண்டுவர வேண்டும். பிசகு எப்போதும் ஒரே பக்கமாக விழுந்தால் கருவியின் கோளாறு. முன்னும் பின்னும் சிதறினால் கோளாறு கண்ணிலோ கையிலோ. இரண்டாவது உடல் ஒன்று கிடைத்து, அதே லென்ஸ் அதில் சரியாக இருந்தால் மெக்கானிக்கிடம் போக வேண்டியது கேமரா.

இன்னொரு மறைமுகப் பிசகு, அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, மூடும்போது ஃபோகஸ் தளமே நகர்வது. கோளப் பிறழ்ச்சியை (லென்ஸின் நடுவில் வரும் ஒளியும் ஓரத்தில் வரும் ஒளியும் ஒரே இடத்தில் குவியாத குறையை) முழுவதும் திருத்தாத வடிவமைப்புகளில் இது வரும். லென்ஸ் வழியாகப் பார்க்கும் கேமராவில் மூடிய நிலையிலேயே பார்த்துத் திருத்தலாம். ரேஞ்ச்ஃபைண்டருக்கு அப்பெர்ச்சர் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. ஜைஸின் 50 மி.மீ. சி சோனார் எஃப்/1.5 இதற்குப் பேர்போனது. ஆகவே முழுத் திறப்பில் மட்டும் சோதித்து நிறுத்தாமல் எஃப்/2.8, எஃப்/4லும் பாருங்கள். போர்ட்ரெய்ட்டில் பாதிப் படங்கள் அங்கேதானே எடுக்கிறோம்.

மவுண்ட் பொருந்தினால் போதும் என்று நம்புவது

பழைய லென்ஸ் வேட்டையில் மிகவும் செலவு வைக்கும் தவறு இது. நிக்கானின் எஸ் வரிசைக் கேமராக்கள் ஜைஸ் இக்கானின் பழைய கான்டாக்ஸ் கேமராக்களின் மவுண்டை, அதாவது லென்ஸ் மாட்டும் அமைப்பை, பார்த்து உருவானவை. லென்ஸ்கள் ஒன்றில் ஒன்று அழகாக மாட்டும். 35 மி.மீ. என்றால் பிரச்சினை இல்லை. 85 மி.மீ. எஃப்/2ஐ மாற்றி மாட்டினால் முழுத் திறப்பில் ஃபோகஸ் தவறும், ஏனென்றால் இரண்டு நிறுவனங்களும் 'நிலையான 50' என்று எடுத்துக்கொண்ட நீளமே வேறு: நிக்கானுக்கு லைக்காவைப் போல 51.6 மி.மீ., கான்டாக்ஸுக்கு 52.4. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத வித்தியாசம். நிக்கானே கான்டாக்ஸுக்கென்று தனியாக 'சி' முத்திரை போட்டு விற்றது இதனால்தான்.

இதே கதைதான் சோவியத் ஜூப்பிட்டர்-9க்கும். லுட்விக் பெர்டெலெ வடிவமைத்த கான்டாக்ஸ் 85 மி.மீ. சோனாரின் வழித்தோன்றல், விலை குறைவு, போகே பிரமாதம். 39 மி.மீ. திருகு மவுண்டில் கிடைப்பதால் லைக்காவில் மாட்டிவிடலாம். ஆனால் அது சொல்லும் தூரம் லைக்காவின் அளவில் இல்லை. உள்ளே மெல்லிய வளையம் வைத்துச் சரிசெய்பவர்கள் இருக்கிறார்கள்; ஒரு தூரத்துக்குச் சரியாகும், மற்றவற்றில் விலகும். இரண்டு மீட்டருக்குச் சரிசெய்து வாங்கினால் போர்ட்ரெய்ட்டுக்குப் போதும். சரிசெய்யாத ஜூப்பிட்டரை லைக்காவில் மாட்டி 'சோவியத் லென்ஸ் மங்கல்' என்று விமர்சனம் எழுதுவது அநியாயம். சோவியத்தின் கான்டாக்ஸ் நகலான, 90 மி.மீ. ஜன்னல் இடைவெளி கொண்ட கியெவ் உடலில், அதற்கான மவுண்டில் வந்த ஜூப்பிட்டர்-9ஐப் பாருங்கள்.

பழைய 85களை மட்டமாக நினைக்கவும் வேண்டாம். 1950ல் டோக்கியோவில் ஜுன் மிக்கி என்ற இளம் புகைப்படக்காரர் நிக்கானின் 8.5 செ.மீ. நிக்கார் எஃப்/2ல் 'லைஃப்' இதழின் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கனை ஒரு படம் எடுத்தார். அதன் பிரிண்டைப் பார்த்து அசந்துபோன டங்கன் நேராக நிக்கானின் தொழிற்சாலைக்கே போனார். கொரியப் போரை நிக்கார் லென்ஸ்களோடுதான் படம்பிடித்தார்.

சட்டகத்தையும் தூரத்தையும் கணக்கில் எடுக்காதது

எது படத்தில் வரும் என்று காட்ட வ்யூஃபைண்டரில் தெரியும் கோடுகள் ஒரே ஒரு தூரத்துக்குத்தான் மிகச் சரி. எம்6ல் அது 0.7 மீட்டர், எம்10ல் 2 மீட்டர். ஆகவே எம்6ல் இரண்டு மீட்டரில் எடுத்தால் கோட்டுக்கு வெளியே இருப்பதும் படத்தில் வந்துவிடும். 75க்கான கோடுகள் 1980களின் தொடக்கத்தில் எம்4-பியோடு வந்தவை, அதுவும் 50ன் சட்டகத்துக்குள் வெறும் மூலைகளாக. எம்3லோ எம்2லோ 75 லென்ஸ் போட்டால் ஊகம்தான்.

குறைந்தபட்ச தூரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 75 அப்போ-சுமிக்ரான் 0.7 மீட்டர் வரை நெருங்கும். சட்டகத்தில் சுமார் 17க்கு 25 செ.மீ. பரப்பு. 90 சுமிக்ரான் ஒரு மீட்டரில் நின்றுவிடும்; சுமார் 22க்கு 33 செ.மீ. நீளமான லென்ஸ்தான் முகத்தை அதிகம் நிறைக்கும் என்ற எண்ணம் இங்கே தலைகீழ். ஆனால் 0.7 மீட்டரில் மூக்கு முன்னே வரும், காது பின்னே போகும். அது லென்ஸின் குற்றமில்லை. எந்த லென்ஸானாலும் அந்தத் தூரத்தில் முகம் அப்படித்தான் தெரியும்.

எடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வோய்க்ட்லெண்டர் 75 மி.மீ. நாக்டான் எஃப்/1.5 சுமார் 350 கிராம். 75 சுமிலக்ஸ் சுமார் 600. லைக்காவின் 75 நாக்டிலக்ஸ் எஃப்/1.25 ஒரு கிலோவைத் தாண்டும், வ்யூஃபைண்டரின் ஒரு மூலையையும் மறைக்கும். எஃப்/1.25க்கும் எஃப்/1.5க்கும் வித்தியாசம் ஒரு ஸ்டாப்பில் (ஒளி இரட்டிப்பாகும் ஒரு படியில்) பாதி. அந்தப் பாதிக்காக மூன்று மடங்கு எடையைச் சுமக்க எனக்கு மனம் வராது.

பழைய லென்ஸ் வாங்குவதானால் கடைசியாக ஒன்று: பின்னாலிருந்து டார்ச் அடித்து உள்ளே பார்க்காமல் ஒப்பீட்டில் இறங்காதீர்கள். உள் கண்ணாடியில் லேசான மூட்டம் படிந்திருந்தால் கான்ட்ராஸ்ட் குறைந்து படம் 'மென்மையாக' வரும். அதை வடிவமைப்பின் குணம் என்று புகழ்ந்து எழுதிய விமர்சனங்கள் நிறைய உண்டு. சுத்தம் செய்தால் அந்த 'குணம்' மறைந்துவிடும். பூஞ்சை பிடித்துக் கண்ணாடி அரித்திருந்தால் மட்டும் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். சென்னை, கொழும்பு மாதிரி ஈரக்காற்று ஊர்களில் வாங்கிய பிறகு லென்ஸை வைக்கத் தோல் பை போதாது, ஈரம் உறிஞ்சும் பெட்டி வேண்டும்.