1913 என்ற உதவி எண்ணில் கொடுத்த புகார் ஏன் முடங்குகிறது? சென்னையில் தெருப் பிரச்சினையைத் தீர்க்க வைக்கும் வழி

சென்னையில் பல புகார்கள் முதல் நாளிலேயே வழிதவறிப் போகின்றன. சாலை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், குப்பை, கொசு, தெருநாய் ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பு. குடிநீரும் கழிவுநீரும் மெட்ரோ வாட்டரின் (சென்னைக் குடிநீர் வாரியம்) பொறுப்பு. மின்கம்பி, மின்பெட்டி, வீட்டு இணைப்பு எல்லாம் மின்வாரியம். தவறான இடத்தில் பதிவான புகாரை "எங்கள் துறை சார்ந்ததல்ல" என்ற ஒரு வரியோடு மூடிவிடுவார்கள். சரியான துறைக்கு அது தானாகப் போய்ச் சேரும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள்.

மாநகராட்சிக்கு 1913 அல்லது 'நம்ம சென்னை' செயலி. மெட்ரோ வாட்டருக்கு 1916 அல்லது 044-4567 4567. மின்சாரத்துக்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987. மழைநாளில் அறுந்து கிடக்கும் கம்பி, தொட்டால் ஷாக் அடிக்கும் கம்பம் என்றால் முதலில் மின்னகத்தைக் கூப்பிடுங்கள். செயலியில் படம் ஏற்றுவதெல்லாம் பிறகு.

யாருடைய வேலை என்று எப்படிக் கண்டுபிடிப்பது

அதிகம் குழம்புவது தெருவில் தேங்கும் நீரில்தான். மழையே இல்லாமல் கறுப்பாக, நாற்றத்தோடு பொங்கினால் அது கழிவுநீர். சாலையின் நடுவில் இருக்கும் வட்ட மூடி பெரும்பாலும் மெட்ரோ வாட்டரின் ஆள்நுழைவுக் குழி. ஓரத்தில் சிமென்ட் பலகையோ சதுர மூடியோ போட்டிருந்தால் அது மழைநீர் வடிகால், மாநகராட்சியுடையது. வடிகாலுக்குள்ளேயே கழிவுநீர் ஓடினால் யாரோ திருட்டு இணைப்பு கொடுத்திருக்கலாம், அல்லது கழிவுநீர்க் குழாய் அடைத்து வழிந்திருக்கலாம். அப்போது இரண்டு இடத்திலும் பதிவு செய்து, ஒன்றின் புகார் எண்ணை மற்றதில் குறிப்பிடுங்கள். "அது அவர்கள் வேலை" என்று இருவரும் கைகாட்டுவதை இது பெரும்பாலும் தடுக்கும்.

சாலையிலும் இதே சிக்கல் உண்டு. உட்புறத் தெருக்களை மண்டல அலுவலகம் பார்க்கிறது. பேருந்து ஓடும் சாலைகளுக்கு மாநகராட்சியிலேயே தனித் துறை இருக்கிறது. அண்ணா சாலை போன்ற சில பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையின் கையில். பள்ளத்தைச் சுற்றிப் புதிதாகத் தோண்டிய தடம் நேர்க்கோடாகத் தெரிந்தால் குழாயோ கேபிளோ பதித்தவர்கள் சரியாக மூடவில்லை என்று பொருள். அதைப் புகாரிலேயே எழுதுங்கள்.

தெருவிளக்கில் ஒன்று மட்டும் எரியவில்லை என்றால் விளக்கிலோ அதன் இணைப்பிலோ கோளாறு. வரிசையாகப் பல விளக்குகள் அணைந்திருந்தால் அவற்றுக்கு மின்சாரம் போகும் பெட்டியிலோ கேபிளிலோ கோளாறு. "தெருவே இருட்டு" என்று பொதுவாகச் சொன்னால் பல்பு மாற்ற ஆள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். எந்தக் கம்பத்திலிருந்து எந்தக் கம்பம் வரை என்று கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணோடு சொல்லுங்கள்.

புகாரை எழுதும் விதம்

ஒரு புகாரில் ஒரு பிரச்சினை மட்டும். குப்பை, விளக்கு, சாக்கடை மூன்றையும் ஒன்றாக எழுதினால் அது ஒரே துறைக்குப் போகும். அந்தத் துறை தன் பங்கை முடித்ததும் மொத்தப் புகாரும் மூடப்படும்.

வார்டு உதவிப் பொறியாளர் உங்களுக்குப் போன் செய்யாமலே இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் நல்ல புகாரின் அளவுகோல். "எங்கள் ஏரியாவில் சாலை மோசம்" என்பதால் பயனில்லை. "3-ஆம் குறுக்குத் தெரு, கதவு எண் 12-க்கு எதிரே, சாலையின் இடது ஓரம், சுமார் 2 அடி அகலம், அரை அடி ஆழம், இரவில் வெளிச்சம் இல்லை, இரு சக்கர வாகனங்கள் விழுகின்றன" என்று எழுதினால் வேலை நடக்கும். படம் இரண்டு போதும்: ஒன்று அருகிலிருந்து, அளவு தெரியப் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்து, மற்றொன்று தள்ளி நின்று, கடைப் பலகையோ வீட்டு எண்ணோ தெரியும்படி. செயலியில் வரைபடக் குறியைச் சரிபார்க்காமல் வீட்டிலிருந்தே அனுப்பினால் உங்கள் வீட்டு வாசலைத்தான் அது காட்டும். தெருக்கோடியில் வார்டு எல்லை போகிறது என்றால் புகார் பக்கத்து வார்டுக்குப் போய்விடும்.

குழாயில் சாக்கடை கலந்து வந்தால்

இதற்கு அவசரமும் உண்டு, நுணுக்கமும் உண்டு. முதலில் குடிப்பதை நிறுத்துங்கள். பிறகு தண்ணீர் விடும் நேரத்தில், சம்ப்புக்குள் (தரையடித் தொட்டி) விழுவதற்கு முன், தெருக் குழாயிலிருந்து நேராக வரும் இடத்தில் ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். அங்கே தெளிவாக இருந்து மேல்தொட்டியில் மட்டும் நாறினால் கோளாறு உங்கள் சம்ப்பிலோ தொட்டியிலோதான். சம்ப்பில் விரிசல் விட்டுக் கழிவுநீர் உள்ளே கசிந்திருக்கலாம்.

தெருக் குழாயிலேயே நாறினால் முதல் சில நிமிடங்கள் எப்படி, பிறகு எப்படி என்று கவனியுங்கள். நமக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வருவதால், விடாத நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்காது. அப்போது விரிசல் வழியாகச் சுற்றியுள்ள அழுக்கு உள்ளே புகுந்து, அடுத்த முறை விடும்போது முதலில் வெளியே வருகிறது. எதிர்வீட்டிலும் அடுத்த நான்கைந்து வீடுகளிலும் கேளுங்கள். உங்கள் வீட்டில் மட்டும் என்றால் உங்கள் இணைப்புக் குழாயைச் சந்தேகியுங்கள். வரிசையாகப் பல வீடுகள் என்றால், பாதிப்பு தொடங்கும் வீட்டருகே பிரதானக் குழாய் கசியலாம். இந்த எல்லையைச் சொல்லிவிட்டால் மெட்ரோ வாட்டரின் பகுதி அலுவலகமான டிப்போவின் ஆட்கள் தெரு முழுக்கத் தோண்டித் தேட வேண்டியதில்லை. தண்ணீர் விடும் நேரத்தைக் குறிப்பிட்டு, அந்த நேரத்தில் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். மற்ற நேரத்தில் வந்தால் பரிசோதிக்க எதுவும் இருக்காது. சரியாகும் வரை லாரித் தண்ணீரும் கேளுங்கள்.

அடைப்பெடுக்க ஆளைக் குழிக்குள் இறக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம், உயிரும் போகும். இயந்திர வண்டிதான் வர வேண்டும். அதற்கான உதவி எண் 14420.

'முடிந்தது' என்று குறுஞ்செய்தி வந்த பிறகு

புகார் மூடப்படுவதும் வேலை முடிவதும் ஒன்றல்ல. கெடு தாண்டக் கூடாது என்ற அழுத்தத்தில் "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று எழுதி மூடுவது நடக்கிறது. உடனே போய்ப் பார்த்து, அதே கோணத்தில் தேதியோடு படமெடுத்து, பழைய எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி பதியுங்கள். சில நேரம் பாதித் தீர்வுக்கு நியாயமான காரணம் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தில் ஈரத்தில் தார் ஒட்டாது. ஜல்லிக் கலவையால் பள்ளத்தை நிரப்பத்தான் முடியும். அதை ஏற்றுக்கொண்டு, ஜனவரியில் தார் போடக் கேட்டுப் புதிதாகப் பதியுங்கள். தெருநாயும் அப்படித்தான்: கருத்தடையும் தடுப்பூசியும் போட்ட நாயைப் பிடித்த இடத்திலேயே விடுவதுதான் பொது விதி. ஆகவே "அப்புறப்படுத்துங்கள்" என்று எழுதாமல், கருத்தடை ஆகாத நாய்கள் எந்த இடத்தில் எத்தனை என்று எழுதுங்கள்.

அசைவே இல்லை என்றால் படிப்படியாக மேலே போகலாம்: வார்டு உதவிப் பொறியாளர், உதவி செயற்பொறியாளர், மண்டல செயற்பொறியாளர், மண்டல அலுவலர், வட்டார துணை ஆணையர். வார்டு உறுப்பினரிடம் மனுவின் நகலைக் கொடுத்து வையுங்கள். மனு இரண்டு பிரதிகள். ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். 'முதல்வரின் முகவரி' என்ற அரசின் குறைதீர்ப்புத் துறைக்கு 1100 என்ற எண்ணில் புகார் கொடுக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: அது சுற்றி வந்து கடைசியில் அதே வார்டு அலுவலரிடம்தான் சேரும். முந்தைய எண்ணையும், அவர் தந்த பதிலையும், அது எங்கே தவறு என்பதையும் எழுதாவிட்டால் பழைய பதிலே திரும்ப வரும்.

அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் பதில் வராது. காரணம் சொல்வது தகவல் அலுவலரின் கடமை அல்ல, ஆவணம் தருவதுதான் கடமை. ஆவணத்தைக் கேளுங்கள்: இந்த எண்ணுள்ள புகாரின் மீது எடுத்த நடவடிக்கைக் குறிப்பின் நகல், சாலைக்கான பணி ஆணை, செய்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், ஒப்பந்ததாரரின் பராமரிப்புப் பொறுப்பு முடியும் தேதி. அந்தத் தேதி இன்னும் வரவில்லை என்றால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சீர்செய்ய வேண்டும். அடுத்த மனுவில் அதையே கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலும், பதில் அரைகுறை என்றாலும், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.