லினக்ஸிலும் மேக்கிலும் ஸ்பீக்கர் டிசைன்: எந்த வேலைக்கு எந்த மென்பொருள்

விண்டோஸ் இல்லாதவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்யும் ஒரே புரோகிராமைத் தேடித்தான் நாளைக் கடத்துகிறார்கள். வேலையை மூன்றாகப் பிரித்துவிடுங்கள்: அளப்பது, பாக்ஸ் கணக்கு, தாழ்ந்த ஒலிகளை ஊஃபருக்கும் உயர்ந்த ஒலிகளை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர். முதல் இரண்டுக்கும் விண்டோஸ் தேவையில்லை. மூன்றாவதில்தான் சிக்கல், அதுவும் எல்லோருக்கும் இல்லை.

அளப்பதற்கு ரூம் ஈக்யூ விசார்ட் போதும். இலவசம்; ஜாவாவில் எழுதப்பட்டதால் லினக்ஸ், மேக் இரண்டிலும் நேரடியாக ஓடும். மேக்கில் மைக் சிக்னலே வரவில்லை என்றால் முதலில் பிரைவசி அமைப்பில் மைக்ரோஃபோன் அனுமதியைப் பாருங்கள். அனுமதி இல்லாவிட்டால் பிழைச் செய்தி எதுவும் காட்டாமல் வெறும் நிசப்தம்தான் பதிவாகும். பிறகு ஆடியோ மிடி செட்டப்பில் இன்புட், அவுட்புட் இரண்டையும் 48,000 ஹெர்ட்ஸில் வையுங்கள். லினக்ஸில் பைப்வயர் அல்லது பல்ஸ்ஆடியோ என்ற ஒலிச் சேவை வழியாகப் போனால் இடையில் ரீசாம்பிளிங் (சாம்பிள் வீத மாற்றம்) நடக்கலாம். அதனால் பட்டியலில் உங்கள் சவுண்ட் கார்டின் பெயரையே நேரடியாகத் தேர்ந்தெடுங்கள்.

யூஎஸ்பி மைக் அறையை அளக்க வசதி, ஆனால் கிராஸ்ஓவர் டிசைனுக்குச் சிரமம். ஊஃபரின் ஒலியும் ட்வீட்டரின் ஒலியும் மைக்கை எட்டும் நேர வித்தியாசம் தெரிந்தால்தான் ஃபேஸ் (இரண்டின் ஒலி அலைகளும் ஏறி இறங்குவதில் உள்ள பொருத்தம்) கணக்கு சரியாக வரும். அதற்கு இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும். ஒன்றில் மைக், மற்றொன்றில் அவுட்புட்டிலிருந்து திருப்பிக் கொண்டுவரும் லூப்பேக் கம்பி. அதே இன்டர்ஃபேஸில் இம்பீடன்ஸையும் (அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும் மின்தடை) அளக்கலாம். ஹெட்ஃபோன் அவுட்புட்டில் டிரைவருடன் (ஊஃபர் அல்லது ட்வீட்டர்) தொடராக 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு, அதன் இரு முனைகளையும் இரு இன்புட்டுகளுக்குக் கொடுங்கள். லைன் அவுட்புட்டில் இதைச் செய்தால் சிக்னல் மிகவும் மெலிந்துவிடும். முதலில் டிரைவரை வெறுமனே அளந்து, பிறகு எடை தெரிந்த களிமண் உருண்டையைக் கோனில் ஒட்டி மறுபடி அளந்தால் பாக்ஸ் கணக்குக்கு வேண்டிய தீல்–ஸ்மால் அளவுகளை (டிரைவரின் குணங்களைச் சொல்லும் எண்கள்) மென்பொருளே கணக்கிட்டுத் தரும்.

பாக்ஸ் கணக்கிட லினக்ஸில் கியூஸ்பீக்கர்ஸ் இருக்கிறது. பிரவுசரிலேயே செய்ய விரும்பினால் ஸ்பீக்கர்பென்ச். எக்செல் ஷீட்டாக வரும் பழைய கால்குலேட்டர்களை லிப்ரேஆஃபீஸில் திறந்து நம்பிவிடாதீர்கள். மேக்ரோ ஓடாத ஷீட்டும் ஏதோ ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும்.

எதை எடுத்தாலும் பலகை அறுக்கும் முன் ஒரு சோதனை. எஃப்எஸ் (டிரைவரின் ஒத்ததிர்வு அதிர்வெண்) 40 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் (அந்த ஒத்ததிர்வின் கூர்மை) 0.35, விஏஎஸ் (கோன் தாங்கியின் விறைப்புக்குச் சமமான காற்றின் கன அளவு) 20 லிட்டர் என்று கொடுத்து, மூடிய பாக்ஸில் க்யூடிசி (பாக்ஸில் வைத்தபின் வரும் கூர்மை) 0.707 கேளுங்கள். பாக்ஸ் சுமார் 6.5 லிட்டர், அதில் ஒத்ததிர்வு 81 ஹெர்ட்ஸ் என்று வரவேண்டும். சற்றே விலகினால் கசிவு இழப்பு, பாக்ஸுக்குள் அடைக்கும் பஞ்சு ஆகியவற்றின் முன்னிருப்பு மதிப்புகள் காரணமாக இருக்கலாம். பல மடங்கு விலகினால் லிட்டருக்குப் பதில் கன அடியில் கொடுத்ததுபோல் அலகு குழம்பியிருக்கிறது.

இனி கிராஸ்ஓவர். முதலில் ஒரு கேள்வி: காயில், கெபாசிட்டர் போட்டுச் செய்யப்போகிறீர்களா, அல்லது ஒலியை டிஜிட்டலாகவே பிரிக்கும் டிஎஸ்பியா? டிஎஸ்பி என்றால் விண்டோஸை மறந்தேவிடலாம். ரூம் ஈக்யூ விசார்டின் அலைன்மென்ட் கருவியில் ஊஃபரையும் ட்வீட்டரையும் பொருத்திப் பார்த்து, ஃபில்டர்களைக் கமில்லாடிஎஸ்பியில் ஓட்டலாம். அது லினக்ஸிலும் மேக்கிலும் இயங்கும்.

காயில், கெபாசிட்டர் போடும் பாஸிவ் கிராஸ்ஓவர் என்றால் எக்ஸ்சிம், விட்யூயிக்ஸ்கேட் இரண்டும்தான் பெரும்பாலோர் கை வைப்பவை, இரண்டும் விண்டோஸுக்கானவை. எக்ஸ்சிம் சிறியது, விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸிலும் மேக்கிலும் ஓட்ட உதவும் ஒயினில் ஓட்டிப் பார்க்கலாம். விட்யூயிக்ஸ்கேட் டாட்நெட் ஃப்ரேம்வொர்க்கை நம்பியது. ஒயினில் அதைப் படியவைக்கச் செலவாகும் மாலைகளை எண்ணினால், விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) விண்டோஸ் நிறுவுவதே லாபம். ஒயின்தான் வேண்டும் என்பவர்கள் ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனி ஒயின் ஃபோல்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்காக நிறுவிய லைப்ரரி மற்றொன்றைக் கெடுக்காது. மேக்கில் 2019இல் வந்த கேடலினாவிலிருந்து 32 பிட் புரோகிராம்களுக்கு இடமில்லை. பழைய ஒயின் வழிமுறைகள் பல அதனால்தான் வேலை செய்வதில்லை. ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் பேரலல்ஸ் என்ற விர்ச்சுவல் மெஷின் மென்பொருள் வழியாக ஆர்ம் விண்டோஸ் 11 போட்டால், இந்தப் புரோகிராம்களை அது எமுலேஷனில் ஓட்டிக்கொள்ளும்.

ஆனால் விர்ச்சுவல் மெஷினுக்குள் அளக்காதீர்கள். யூஎஸ்பி ஆடியோ அதன் வழியே போகும்போது இடையிடையே சாம்பிள்கள் விழுந்துபோகும். டைமிங் சீராக நிற்காது. வெளியே அளந்து, ஃபைலை மட்டும் உள்ளே அனுப்புங்கள்.

ஃபைல் என்பது சாதாரண டெக்ஸ்ட்தான். ஒலி அளவுக்கான எஃப்ஆர்டியில் அதிர்வெண், டெசிபல், ஃபேஸ் என்று மூன்று பத்திகள். இம்பீடன்ஸுக்கான ஜெட்எம்ஏவில் டெசிபல் இடத்தில் ஓம். சுவர் எதிரொலியை வெட்டும் டைம் விண்டோவை எக்ஸ்போர்ட்டுக்கு முன்பே போட்டுவிடுங்கள். ஊஃபர், ட்வீட்டர் இரண்டுக்கும் நேரப் புள்ளி ஒன்றாகவே இருக்கட்டும். ஒன்றை மட்டும் பூஜ்யத்துக்கு நகர்த்தினால் உழைப்பு வீண்.

சரிபார்க்க, ட்வீட்டர் கம்பிகளைத் தலைகீழாக மாற்றி மறுபடி அளந்து பாருங்கள். மென்பொருளிலும் அப்படியே மாற்றும்போது கிராஸ்ஓவர் புள்ளியில் திரையில் தெரியும் அதே ஆழமான பள்ளம் அளவீட்டிலும் வரவேண்டும். வராவிட்டால் கெபாசிட்டர் மதிப்பில் கை வைக்காமல் லூப்பேக் கம்பியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.