பழைய லேப்டாப்புக்கு எஸ்.எஸ்.டி. போடலாம், ஆனால் முதலில் பேக்கப்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

லேப்டாப்பை ஆன் செய்துவிட்டு, டீ போட்டுக் குடித்து வந்த பிறகும் திரை சுற்றிக்கொண்டே இருக்கிறதா? அதைக் கழித்துக் கட்டிவிட வேண்டாம். பத்து வருடப் பழைய லேப்டாப்பில் பெரும்பாலும் பிரச்சினை பிராசஸரில் இல்லை, உள்ளே சுற்றுகிற ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கும். அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. (சுற்றும் பாகம் இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) போட்டு, முடிந்தால் ரேமையும் (வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) கூட்டினால், டைப் அடிக்க, பில் போட, பிள்ளைகள் படிக்க, வீடியோ கால் பேச இன்னும் சில வருடம் தாராளமாக ஓடும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இப்படிப்பட்ட லேப்டாப்புகள் நிறைய இருக்கின்றன. 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளே எத்தனையோ வீடுகளில் அலமாரியில் கிடக்கின்றன. வாங்கிய பிள்ளை வளைகுடாவுக்கோ சென்னைக்கோ போயிருக்கும். கல்லூரிப் படங்கள், சான்றிதழ் ஸ்கேன்கள், தாத்தா பாட்டியின் கடைசிப் புகைப்படங்கள் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். அதனால்தான் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்பு பேக்கப் என்று சொல்கிறேன். வேகம் போனால் காசு கொடுத்து வாங்கலாம், அந்தப் படங்களை வாங்க முடியாது.

படி 1: டிஸ்கின் உடல்நிலையைப் பாருங்கள்

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவித் திறந்தால், டிஸ்கின் நிலையை நிறத்தோடு காட்டும். நீலத்தில் 'குட்' என்று இருந்தால் நிதானமாக வேலை செய்யலாம். மஞ்சளில் 'காஷன்' என்றோ சிவப்பில் 'பேட்' என்றோ வந்தால், அந்த டிஸ்க் எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகலாம். அப்படியானால் டிஃப்ராக் செய்வது (சிதறிய கோப்புகளை ஒழுங்காக அடுக்குவது), வைரஸ் ஸ்கேன் ஓட்டுவது, டிஸ்கைச் சரிபார்க்கும் கட்டளை கொடுப்பது எதுவும் வேண்டாம். இவையெல்லாம் தளர்ந்த டிஸ்கை மேலும் ஓடவைக்கும். மிக முக்கியமான ஃபோல்டரை முதலில் காப்பி எடுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம். உள்ளே 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிட்டு, டேட்டா மீட்பு தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைப் பாருங்கள். எந்த வேலையும் செய்யாதபோதே டிஸ்க் 100 சதவீதம் காட்டினால், மெதுவாக ஓடுவதற்கு அதுதான் காரணம். அங்கேயே மெமரி பக்கத்தில் ரேம் எவ்வளவு, அதைச் செருகும் ஸ்லாட் எத்தனை பயன்பாட்டில் இருக்கிறது என்பதும் தெரியும். அதை ஒரு தாளில் குறித்து வையுங்கள், கடையில் கேட்பார்கள்.

படி 2: பேக்கப்

லேப்டாப்பில் எவ்வளவு டேட்டா இருக்கிறதோ அதைவிடப் பெரிய எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்று வேண்டும். அதை எக்ஸ்ஃபேட் அல்லது என்.டி.எஃப்.எஸ். வடிவில் ஃபார்மேட் செய்திருக்க வேண்டும். ஃபேட்32-இல் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. கல்யாண வீடியோவைக் காப்பி செய்யும்போது பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சி டிரைவில் 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இருக்கும் ஃபோல்டரை முழுவதுமாகக் காப்பி எடுங்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் அதற்குள் வந்துவிடும். டி டிரைவ் இருந்தால் அதையும் எடுங்கள். பிறகு மக்கள் வழக்கமாக விட்டுவிடுகிறவற்றைத் தேடுங்கள்: கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டர், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் புக்மார்க்குகளும், மென்பொருள்களின் லைசென்ஸ் எண்கள்.

தமிழில் வேலை செய்கிறவர்கள் மறக்கக் கூடாதது ஒன்று உண்டு, எழுத்துருக்கள். எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோட் முறை பரவுவதற்கு முன் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில்தான் இங்கே டைப் அடித்தார்கள். அச்சகம் நடத்துகிறவர்களிடமும், பங்கு மலர், கோயில் கொடை நோட்டீஸ், சங்க அறிக்கை தயாரிக்கிறவர்களிடமும் அந்தக் காலத்துக் கோப்புகள் ஏராளமாக இருக்கும். அந்தக் கோப்பு தனியாக வந்து, எழுத்துரு வராவிட்டால், புதிய கணினியில் தமிழுக்குப் பதில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடுகிறவர்களும் உண்டு. அதனால் 'விண்டோஸ்' ஃபோல்டருக்குள் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரைத் திறந்து, உங்கள் தமிழ் எழுத்துருக்கள் அனைத்தையும் காப்பி எடுங்கள். நேரம் இருக்கும்போது, முக்கியமானவற்றை எழுத்துரு மாற்றி மூலம் யூனிகோடுக்கு மாற்றி இன்னொரு காப்பியும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் இருப்பது நல்லது, மாற்றும்போது சில எழுத்துகள் பிறழ்வது உண்டு.

டிஸ்க் பிட்லாக்கர் (விண்டோஸில் டிஸ்கைப் பூட்டும் வசதி) மூலம் பூட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பூட்டியிருந்தால் அதன் மீட்புச் சாவி எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். அது இல்லாவிட்டால், கழற்றிய பழைய டிஸ்கை வேறு கணினியில் திறக்க முடியாது.

காப்பி முடிந்ததும் எக்ஸ்டர்னல் டிஸ்கை வேறொரு கணினியில் செருகி, ஃபோல்டருக்கு ஒன்றிரண்டு கோப்புகளையாவது திறந்து பாருங்கள். இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். இதைச் செய்த பிறகுதான் அதைப் பேக்கப் என்று நான் ஒத்துக்கொள்வேன்.

படி 3: சரியான பொருளை வாங்குவது

லேப்டாப்பின் அடியில் இருக்கும் மாடல் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை என எங்கே கேட்டாலும் கணினிக் கடையில் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

பழைய லேப்டாப்புகளில் பெரும்பாலும் சாட்டா என்ற இணைப்பு வகையில் இரண்டரை அங்குல டிஸ்க் இருக்கும். அதே அளவிலான சாட்டா எஸ்.எஸ்.டி.தான் அங்கே பொருந்தும். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன் இருக்கலாம், எஸ்.எஸ்.டி. 7 மில்லிமீட்டர்தான். ஆடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் தேவைப்படலாம். நொடிக்கு 100 எம்.பி. அளவில் படிக்கும் டிஸ்கின் இடத்தில் 500 எம்.பி.யைத் தொடும் எஸ்.எஸ்.டி. வரும். அதைவிட முக்கியம், சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளைத் தேட ஊசி அங்குமிங்கும் நகர வேண்டிய வேலையே இல்லை. வித்தியாசம் அங்கேதான் நன்றாகத் தெரியும். 250 ஜி.பி. போதும், படங்கள் அதிகம் என்றால் 500.

ரேமில் கவனம் வேண்டும். டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.3எல், டி.டி.ஆர்.4 என்று வகைகள் உண்டு. டி.டி.ஆர்.3-க்கு 1.5 வோல்ட், டி.டி.ஆர்.3எல்-க்கு 1.35 வோல்ட். குறைந்த வோல்ட்டில் ஓடும் லேப்டாப்பில் 1.5 வோல்ட் ரேமைப் போட்டால் ஆன் ஆகாமல் போகலாம். பழைய ரேமின் ஸ்டிக்கரில் 'பி.சி.3எல்' என்று இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள். டி.டி.ஆர்.4-க்கு ஸ்லாட்டே வேறு. 4 ஜி.பி.யிலிருந்து 8 ஜி.பி.க்குப் போனாலே பிரவுசரில் நிம்மதி கிடைக்கும். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் எஸ்.எஸ்.டி.யை வாங்குங்கள். பில்லை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், வாரண்டிக்கு அது வேண்டும்.

படி 4: திறப்பது

ஷட் டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றுங்கள். பேட்டரி உள்ளே இருக்கும் மாடல் என்றால், மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக அதன் இணைப்பைப் பிரியுங்கள். பிறகு பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரமும் வடிந்துவிடும். கையில் நிலைமின்சாரம் இல்லாமல் இருக்க, வீட்டு ஜன்னல் கம்பி போன்ற ஏதாவது உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரால் ஸ்க்ரூக்களைக் கழற்றும்போது, தாளில் லேப்டாப்பின் படம் வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அங்கேயே வையுங்கள். நீளம் மாறிப் போட்டால் போர்டைத் துளைக்கும். ஹார்ட் டிஸ்கை மேலே இழுக்காமல், இணைப்பிலிருந்து பக்கவாட்டில் நகர்த்தி எடுங்கள். அதன் உலோகச் சட்டத்தைக் கழற்றி எஸ்.எஸ்.டி.யில் மாட்டி, அதே வழியில் தள்ளிச் செருகுங்கள். ரேமின் இரு பக்கக் கிளிப்புகளையும் விலக்கினால் அது சாய்ந்து எழும்பும். புதியதைச் சாய்வாகச் செருகி, கீழே அமுக்கினால் 'கிளிக்' என்று பிடிக்கும்.

நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. உப்புக் காற்று உள்ளே புகுந்து, ரேமின் பொன்னிறப் பற்களிலும் இணைப்புகளிலும் படிந்திருக்கும். மலையோரத்திலும் இரண்டு பருவமழையின் ஈரம் உண்டு. ரேமை வெளியே எடுத்து வைத்து, அந்தப் பற்களை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிடுங்கள். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கிடைத்தால் இன்னும் நல்லது. ஃபேனில் ஒட்டிய தூசியைத் தூரிகையால் தட்டும்போது, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பல லேப்டாப்புகளுக்கு இந்தச் சுத்தமே பாதி வைத்தியம்.

மூடிவிட்டு ஆன் செய்ததும் திரை கறுப்பாகவே இருந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் ரேம் சரியாக உட்கார்ந்திருக்காது. எடுத்து மறுபடி செருகுங்கள்.

படி 5: சிஸ்டத்தை ஏற்றுவது

பழைய டிஸ்கை அப்படியே எஸ்.எஸ்.டி.க்கு நகல் எடுக்கலாம். குளோன்சில்லா போன்ற இலவசக் கருவிகள் அதற்கு உண்டு. ஆனால் தொடக்கநிலையினருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். எதிலிருந்து எதற்கு என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால் காலியான டிஸ்க் நிறைந்த டிஸ்கின் மேல் ஏறிவிடும். தவிர, அது வீடு மாறும்போது பழைய குப்பையையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போவது போலத்தான். புதிதாக ஏற்றுங்கள்.

என்ன ஏற்றுவது? விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸரும் வேண்டும். பழைய லேப்டாப்புகள் பலவும் அதில் தேறாது. அவற்றுக்கு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் என் பரிந்துரை, அதிலும் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 4 ஜி.பி. ரேமில் நன்றாக ஓடும். தமிழ்99 விசைப்பலகை அதில் உண்டு, டைப் அடிக்க, கணக்குப் போட லிப்ரே ஆஃபீஸ் கூடவே வரும். அரசு மடிக்கணினியில் பாஸ் (BOSS) என்ற இன்னொரு வகை லினக்ஸைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருளை நம்பித் தொழில் செய்கிறவர்கள் மட்டும் மாறுவதற்கு முன் யோசியுங்கள்.

மின்ட்டை அதன் இணையதளத்திலிருந்து இறக்கி, ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற இலவச மென்பொருள் மூலம் 8 ஜி.பி. பென் டிரைவில் எழுதிக்கொள்ளுங்கள். அது அந்தப் பென் டிரைவில் இருப்பதையெல்லாம் அழித்துவிடும். பென் டிரைவைச் செருகி, ஆன் செய்யும்போது எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கான விசையை அழுத்துங்கள். லெனோவோ, டெல், ஏசரில் பொதுவாக எஃப்12, எச்.பி.யில் எஃப்9. மின்ட்டை நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்க முடியும். வைஃபை, சத்தம், கேமரா வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டு அப்புறம் நிறுவுங்கள். நிறுவும் நேரத்தில் பேக்கப் டிஸ்க் லேப்டாப்பில் செருகியிருக்கவே கூடாது. தவறான டிஸ்கைத் தேர்ந்தெடுத்தால் பேக்கப் முழுவதும் போய்விடும்.

நிறுவிய பிறகு கோப்புகளைத் திரும்பக் கொண்டுவாருங்கள், தமிழ் எழுத்துருக்களையும் நிறுவுங்கள்.

படி 6: பழைய டிஸ்கும், இனிமேல் எடுக்கும் பேக்கப்பும்

கழற்றிய ஹார்ட் டிஸ்கைக் கொஞ்ச நாள் தொடாமல் வைத்திருங்கள். எதையாவது விட்டுவிட்டோம் என்பது சில வாரம் கழித்துத்தான் நினைவுக்கு வரும். பிறகு அதை யு.எஸ்.பி. உறையில் போட்டுக் கூடுதல் காப்பிக்கு வைத்துக்கொள்ளலாம். அதை மட்டுமே நம்பக் கூடாது, அதற்கு வயதாகிவிட்டது.

முக்கியமான கோப்புகளுக்கு மூன்று காப்பி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. இந்த மூன்றாவது நமக்கு மிகவும் தேவை. 2004 சுனாமியையும் 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயலையும் கண்ட மாவட்டம் இது. ஒரே வீட்டில் லேப்டாப்பும் பேக்கப்பும் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். குளச்சலில் இருப்பவர் ஒரு டிஸ்கை நாகர்கோவிலில் இருக்கும் அக்கா வீட்டில் வைக்கலாம். சான்றிதழ், பட்டா, பத்திர ஸ்கேன்களைக் கூகுள் டிரைவ் இலவசமாகத் தரும் 15 ஜி.பி.யில் ஏற்றலாம்.

பேக்கப் டிஸ்கை எப்போதும் செருகி வைக்காதீர்கள். ஐப்பசி இடிக்கு லேப்டாப் போனால் அதுவும் போகும், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால் அதையும் பூட்டும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். மாதம் ஒருமுறை எடுத்துப் புதிய கோப்புகளைச் சேருங்கள், அப்போது பழைய படம் ஒன்றையும் திறந்து பாருங்கள்.

பழைய டிஸ்கை யாருக்காவது கொடுப்பதாக இருந்தால், டெலிட் செய்தால் மட்டும் போதாது. விண்டோஸில் ஃபார்மேட் செய்யும்போது 'குயிக்' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். நேரம் எடுக்கும், ஆனால் டிஸ்க் முழுவதும் மேலெழுதப்படும்.