கனவுக் கேமரா வாங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவை ஒரு தடவை கையில் பிடித்துப் பார்த்துவிட்டால் அந்த ஆசை லேசில் விடாது. விலைதான் கைக்கு எட்டாது. சோனி ஏ7 ஃபோர் 2022 தொடக்கத்தில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது லென்ஸ் இல்லாமல் பாடி மட்டுமே சுமார் 2.42 லட்சம் ரூபாய். மாதச் சம்பளக்காரர் வருஷக்கணக்கில் சேர்த்தால்தான் உண்டு. கல்யாண போட்டோகிராஃபியில் புதிதாக இறங்குபவர்கள் அப்படிச் சேர்த்த பணத்தை வைத்து வாங்கிவிட்டு, அதற்கப்புறம் என்னிடம் காட்ட வருகிறார்கள். எல்லோரும் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். சார்ஜ் போட மறப்பது, மெமரி கார்டை வீட்டிலேயே விட்டுப் போவது எல்லாம் ஒரு தரம் பட்டால் சரியாகிவிடும். பணத்தை விழுங்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

முழுப் பணத்தையும் பாடியில் கொட்டுவது

மண்டபத்து வெளிச்சத்தில் படத்தைக் காப்பாற்றுவது முதலில் லென்ஸ்தான். பாடியோடு சேர்த்துத் தரும் சாதாரண கிட் லென்ஸை ஜூம் செய்தால் எஃப் 5.6-இல் போய் நிற்கும். எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம். விலை குறைவான 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். பழைய பாடியும் நல்ல லென்ஸும் இருந்தால் முதல் இரண்டு வருஷத்தைத் தாராளமாக ஓட்டலாம்.

டார்ச் அடித்துப் பார்க்காமல் பழைய லென்ஸ் வாங்குவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. கடற்கரைப் பக்கம் குடியிருக்கும் தம்பி ஒருவர், செகண்ட் ஹேண்டில் 70-200 எஃப் 2.8 ஜூம் லென்ஸ் எடுத்து வந்தார். "அண்ணே, பாதி விலைக்குக் கிடைச்சது, கண்ணாடியில ஒரு கீறல்கூட இல்ல பாருங்க" என்றார். முன் கண்ணாடி பளபளவென்றுதான் இருந்தது. பின்பக்கம் போன் டார்ச்சை அடித்து முன்பக்கம் வழியாகச் சாய்த்துப் பார்த்தேன். உள்ளே மூன்றாவது கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி நூல் போல வெள்ளை இழைகள். பூஞ்சை. விற்றவர் அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை. மெக்கானிக் பிரித்துத் துடைத்ததில் இழைகள் போய்விட்டன, ஆனால் கண்ணாடி மேல் பூசியிருக்கும் கோட்டிங் அரித்துப்போன தடம் அப்படியே நின்றுவிட்டது. இன்றைக்கும் மேடை விளக்கு எதிரே இருந்தால் அந்த லென்ஸில் படம் வெளுத்துப் பால் படிந்தாற்போலத்தான் வருகிறது.

பூஞ்சை வித்துகள் காற்றில் எங்கும் உண்டு. இருட்டும் அசையாத காற்றும் நாள்கணக்கில் நீடிக்கும் ஈரமும் சேர்ந்தால் முளைத்துவிடும். கண்ணாடியில் ஒட்டிய தூசியும் எண்ணெய்ப் பசையும் அதற்குத் தீனி. அது வெளியிடும் அமிலம் கோட்டிங்கை அரிக்கும், முற்றினால் கண்ணாடியையும் அரிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைக் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். அந்த நேரத்தில் லென்ஸைத் தோல் உறைக்குள் போட்டு, பைக்குள் வைத்து, பையை பீரோவில் பூட்டுகிறார்கள். பத்திரமாக வைப்பதாக நினைத்துக்கொண்டு பூஞ்சை வளர்க்கிறார்கள்!

ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். ஈரத்தைக் கட்டுப்படுத்தும் டிரை கேபினெட் வாங்க முடியாவிட்டால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், சிலிகா ஜெல் மூன்றும் போதும். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானால் ஈரத்தைக் குடித்துவிட்டது என்று அர்த்தம். சிறு தீயில் வறுத்துப் பழைய நிறம் வந்ததும், ஆறவைத்துத் திரும்பப் போடலாம். அரிசியைப் போடாதீர்கள், அதன் தூசி லென்ஸுக்குள் போகும். லட்ச ரூபாய் லென்ஸ் வாங்குபவர் இந்த டப்பாவுக்குக் கணக்குப் பார்ப்பதுதான் எனக்குப் புரியவே இல்லை.

பழையது வாங்கும்போது, லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளையான அப்பர்ச்சரை முழுவதும் திறந்து, இரண்டு பக்கமிருந்தும் டார்ச் அடித்துப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள்.

பில் இல்லாத சரக்கு

வாங்காதீர்கள்.

நோ காஸ்ட் இஎம்ஐ

வட்டி இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது. ரிசர்வ் வங்கி 2013-லேயே இதைச் சொல்லிவிட்டது. வட்டித் தொகையைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். கிரெடிட் கார்டில் எடுத்தால் அந்த வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும், பெரும்பாலும் பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும்.

வாடகைக்கு எடுத்துப் பார்க்காமலே வாங்குவது

ஒரு முகூர்த்தத்துக்கு வாடகைக்கு எடுங்கள். பழைய 70-200 எஃப் 2.8 லென்ஸ்கள் பல, ஒன்றரை கிலோ அளவுக்குக் கனக்கும். பாடியோடு சேர்த்து விடியற்காலையிலிருந்து பந்தி முடியும் வரை தூக்கி நின்ற பிறகும் அதே லென்ஸ்தான் வேண்டும் என்று தோன்றினால், அப்போது விலை பேசலாம்.